அடுத்த வருசக் கணக்கு

ஓவர்கேம் பைனல் தோத்து
வலை இன்னும் அவிழ்க்கேல்லை.
நீர்வேலி வாழைத்தோட்ட வரம்பிலை குந்தியிருந்து
அடுத்த வருசத்தை இப்பவே ஆடுறம்.

சிறுப்பிட்டியாருக்கு இனி அடிக்க ஆளில்லை,
கஜீவனுக்குப் பிரான்ஸ் அலுவல் சரிவந்திட்டுதாம்.
எங்களுக்குச் சாருஜன் இருக்கிறான்,
முழங்காலுக்குள்ளை பிளேட்டோடை.
அவங்களிட்டை ஒரு பொடியன்,
பத்தாம் வகுப்பு, இடங்கையன்,
வருசத்துக்கு ரெண்டுதரம்
காற்சட்டை கட்டையாகுது.

"தாயும் நெட்டை" எண்டான் நிமலரூபன்.
பிறகு கனநேரம்
ஒருத்தரும் கதைக்கேல்லை.

பந்து தேடிப் போன இடத்திலை
கோயில் மதிலோடை தனிய நிண்டு
அடிச்சுக்கொண்டிருந்தான் அவன்.
சும்மா ஒண்டை உயத்திக் குடுத்தன்.

திரும்பி வந்த அடி
உள்ளங்கையிலை இன்னும் எரியுது.
இவங்களுக்குச் சொல்லேல்லை.