நாய் வரி

பீல் நகரத்து ஆற்றுக்கு இரண்டு பெயர்.
ஜெர்மன்காரருக்கு ஷுஸ், பிரெஞ்சுக்காரருக்கு சூஸ்.
தண்ணீர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அதன் கரையில், நகராட்சியின் இரண்டாம் மாடியில்,
சனிக்கிழமை என்று சூடேற்றியை அணைத்துவிட்ட அறையில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
நாய்களின் அட்டவணையைச் சோதிக்கிறேன்.

நாலாயிரத்துச் சொச்சம் நாய்கள்.
பெயர், இனம், நிறம், உடையவர், கட்டிய வரி.
திங்கள் முதல் இன்னொரு பத்தி வேண்டுமாம்:
நாயின் மொழி.
சிரிக்காதீர்கள். வரிக் கடிதம் போக வேண்டிய மொழி அது.
படிவத்தில் யாரோ அப்படி எழுதிவிட்டார்கள்,
குழுவும் கூடி ஏற்றுக்கொண்டுவிட்டது.

இடது திரையில் ஒரு பரிவர்த்தனையைத் திறக்கிறேன்.
ஒரு நாயைச் சேர்க்கிறேன். பெயர் முறுக்கு.
பழுப்பு நிறம். உடையவர் நான்.
எண் 4318.
இன்னும் உறுதி செய்யவில்லை.
இந்தத் திரையில் கேட்டால், இருக்கிறேன் என்கிறது.
வலது திரையில் எண்ணினால் பழைய கணக்கே வருகிறது.
மதில்மேல் பூனை என்பார்கள்,
இது நாய்.

வலது திரையில்: அட்டவணையை மாற்று.
நிற்கிறது.
பிழையென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை,
ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது.
உள்ளே ஒருத்தி தாளிட்டுக்கொண்டு
முடிவெடுக்காமல் இருக்கிறாள்;
சுவரை இடிக்க வந்தவன் வாசலில் நிற்கிறான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும்
வரிசையில் நிற்கிறார்கள்.
நாற்பது வினாடி. ஐம்பது.
என் ஒருத்தியின் தயக்கத்துக்கு
இவ்வளவு நீள வால் என்று
இன்றுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

திரும்பு என்றேன். முறுக்கு இல்லை.
சுவர் இடிந்தது, பத்தி முளைத்தது, வரிசை கலைந்தது.
எண் மட்டும் திரும்பி வரவில்லை.
அடுத்த நாய் 4319.
4318 யாருக்கும் இல்லை.

பிறகு அடித்தளத்தில் இருக்கும் பழைய இயந்திரம்.
டிசம்பர் வரை வரிப்பிரிவுக்கு அதுதான்.
சோதனைப் பிரதி, பயப்படாதே என்றார் ரெட்டோ கீகாக்ஸ்.
அதே நாய், அதே படிகள்,
இம்முறை ஒரே பரிவர்த்தனைக்குள்.
சேர்த்தேன். மாற்றினேன்.
திரும்பு என்றேன்.
சரி என்றது, பணிவாக.
பார்த்தால் முறுக்கு உட்கார்ந்திருக்கிறது.
அட்டவணையைத் தொட்ட கணத்திலேயே
அதுவரை நான் சொல்லாத எல்லாவற்றையும்
என் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது,
ஒரு வார்த்தை கேட்காமல்.

அறிக்கையில் மூன்று வரி எழுதினேன்.
வியாழக்கிழமை வீட்டுக்கு ஒரு வரி வந்தது.
அது பிரதி இல்லை.

நூற்றிருபது பிராங்க். மொழி: ஜெர்மன்.
பட்டியலில் இரண்டுதான் இருந்தன,
முறுக்குக்குத் தெரிந்தது இல்லை.
கீகாக்ஸ் காது சிவக்க மன்னிப்புக் கேட்டு
நீக்கும் படிவத்தைக் கையில் கொடுத்தார்.
அதில் ஒரு கட்டம்: இறந்த தேதி.
காலியாக விட முடியாது.

பேனாவோடு கொஞ்ச நேரம் இருந்தேன்.
இன்றைய தேதி போட்டால் முடிந்தது.
அதன் பழுப்பு நிறத்தைக்கூட
நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

பணத்தைக் கட்டிவிட்டேன்.
மாலையில் ஷுஸ் கரையோரம் நடக்கையில்
எதிரே வந்த நாய்க்காரி
கயிற்றை இழுத்துப் பிடித்து
எனக்கு வேண்டியதைவிடச் சற்று அகலமாக
வழிவிட்டாள்.