இரண்டாயிரம் நம்பர் தாள்

மார்த்தாண்டத்தில் விற்றவன் சொன்னான்,
லேடி டாக்டர் ஓட்டின வண்டியாக்கும், ஒரே ஓனர்.
சொல்லாமல் விட்டது:
டாக்டர் வீடு குளச்சலில்.
பதினோரு வருஷம் கடலைப் பார்த்தே நின்ற பானெட்.

சிவப்பு ஆல்டோ.
சிவப்பு என்பது ஆர்.சி. புக்கில்.
நேரில், உப்புப் பூத்த செங்கல்.

கழுவினேன். உலர்ந்ததும்
பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவினேன்.
வெறுங்கை சொல்லாததைப் பை சொல்லும்.
சொன்னது:
ரவை. கூரையெங்கும் வறுக்காத ரவை.

திங்கள்நகர் கடையில் குமரதாஸ்
டப்பாவை எடுக்காமல் என்னையே பார்த்தார்.
"வீட்டுல ஆளு இல்லியா?"
"கப்பல்ல."
"பின்ன, அவரு வரட்டு."
"பத்துத் தாள். ரெண்டாயிரம் நம்பர்" என்றேன்.
எச்சில் தொட்டு எண்ணினார், ஒன்பது.
மறுபடி எண்ணச் சொன்னேன்.

மணவாளக்குறிச்சிக்காரிக்கு
உரசும் மணலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.
எங்கள் கரையில் கறுப்புக்கு நடுவே
சிவப்பாய்க் கோடு போடும் கார்னெட்
ஊர் ஊராய்ப் போய் இரும்பைத் தின்கிறது.
ஆனால் இந்தத் தாளில் இருப்பது அதில்லையாம்,
ஏதோ கார்பைடு.
கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும்.
தாள் வாளியில் ஊற வேண்டும், ஒரு சொட்டு சோப்போடு.
பானெட் நடுவே மாஸ்கிங் டேப்:
இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் கடல்.
நேராய்த் தேய், வட்டம் வேண்டாம்
என்று படித்திருந்தேன்.
தோசைக்கல்லில் பழகிய கை
வட்டமாகவே போனது.

சிவப்புப் பால் வழிந்தது.
துடைத்தால் முன்னைவிட மோசம்,
கண்புரை விழுந்த மாதிரி.
வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
விலை நினைவுக்கு வந்தது. ஒன்று பத்து.
லட்சத்தில்.

பக்கத்து வீட்டு அசனார்
டிரில் மெஷினில் பஞ்சு வட்டை மாட்டிக் கொடுத்தார்,
தள்ளி நின்றுகொண்டார்.
காம்பவுண்ட், பயறளவு, நாலு பொட்டு.
மெல்ல, மெல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டு.
துணியால் துடைத்து நிமிர்ந்தபோது
ஒரு தென்னை தலைகீழாய் நின்றது பானெட்டில்.
கரண்டுக் கம்பி. கம்பியில் காகம்.
அது நகர்ந்து நகர்ந்து
டேப்பைத் தாண்டியதும் காணாமல் போனது.

அந்த மிதப்பில்தான்
ஓரத்து மடிப்பில் ஒரு நொடி அதிகம் நின்றேன்.
மடிப்பில் பெயிண்ட் மெலிசாய்த்தான் இருக்குமாம்.
பிறகு தெரிந்தது.
கடலைப்பருப்பளவு சாம்பல் நிறம்.
பிரைமர்.

ராத்திரி வீடியோவில் டயனீஸ்,
கப்பலில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவன்.
டார்ச் அடித்துக் காட்டினேன்,
கோட்டுக்கு இப்பக்கம், அப்பக்கம்.
"ரெண்டும் ஒண்ணு போலல்லா இருக்கு."
தென்னையைச் சொன்னேன், காகத்தைச் சொன்னேன்.
"ம்" என்றான், கட்டம் கட்டமாய் உடைந்த முகத்தோடு.
போனைத் திருப்பும்போது, போகிற போக்கில்,
"நில்லு. அந்த ஓரத்துல அடி தெரியுதே."

நான் மறைத்த ஒன்றே ஒன்று.

"உப்பு முதல்ல அங்கதான் கேறும் பிள்ளே.
நெயில் பாலிஷ் இருக்கா?"

இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கியது, பாதி உறைந்து.
தீக்குச்சியால் தொட்டு வைத்தேன்.
ஒரு மாற்று அடர்த்தி கூடுதல்.
எட்டி நின்று பார்த்தால்
வண்டியில் ஏதோ பூச்சி உட்கார்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில்
வருகைப்பதிவு மெஷின் என் பெருவிரலை ஏற்கவில்லை.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது.
முயன்றேன். மீண்டும் என்றது.
தூக்கிப் பார்த்தேன்:
ரேகை இருந்த இடம் வழவழவென்று,
டியூப்லைட் தெரியாத குறை.
பின்னால் வரிசையில் சூப்பிரண்டு.
"என்னவாக்கும் ஆச்சு?"
இடக்கை விரலை வைத்தேன், பச்சை விளக்கு எரிந்தது.
அதை இந்த வாரம் பத்திரமாய் வைத்திருக்க வேண்டும்.
பாதி பானெட் பாக்கி.