பாக்கெட் தூள்

லேடி சீட்டில் என் பஜ்ஜிக் கடைக்கு
சேலத்திலிருந்து பைக்கில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள்.
"வியட்நாம், ஈராக். ரெண்டுல எது பெரிய தப்புண்ணே?"
நான் ஈராக்கில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
இருந்தேன்.
உருளைக்கிழங்கு உரித்தேன்.

நாகலூரில் எங்களுக்கு மூன்று ஏக்கர்.
கவாத்துக் கத்தி தவிர
வேறு ஆயுதம் தொடாதவர் என் அப்பா தீர்த்தன்.
இரண்டாயிரத்து ஒன்றில் ஒருநாள்
காப்பிக் கொட்டையை மாதிரிக்கு முடிந்துகொண்டு போனவர்
முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்தார்.
"வியட்நாம்காரன் கொட்டுறானாம்.
நம்ம சரக்க மோந்துகூடப் பாக்கல."
வியட்நாம் என்பது பக்கத்து எஸ்டேட் முதலாளி என்று
அம்மா வெகுநாள் நினைத்துக்கொண்டு
அவனை மண்ணை வாரித் தூற்றினாள்.

இலையெல்லாம் உதிர மருந்தடித்த காட்டுக்குத் திரும்பி
செத்தவர் போக மிச்சப்பேர்
செடி நட்டிருக்கிறார்கள்.
நடட்டும். வேண்டாமென்று சொல்ல நாம் யார்?
எங்கள் பழத்தைக் கிளையிலேயே விட்டோம்,
பறிகூலிக்குக் கட்டாது.
அந்த வருஷம் மரநாய்கள்தான் கொழுத்தன.

பிறகு கடன்.
பிறகு ஐந்து ரோட்டில் மாடியறை ஏஜென்ட்.
குவைத்தில் ஓட்டல் வேலை என்றான்.
இறங்கிய மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு
பஸ்ஸின் திரையை இழுத்துவிட்டு
வடக்கே ஓட்டினார்கள்.
விடிந்தபோது
முள்கம்பி, மணல்மூட்டை, தலைக்குமேல் ஹெலிகாப்டர்.
ஓட்டல்தான், பொய்யில்லை.
இரண்டாயிரம் பேர் சாப்பிடுகிற ஓட்டல்.

லாரி ஓட்ட வந்தவன் வேய்ன், நரைத்த மீசை.
பத்தொன்பது வயதில் அந்தப் போரிலும் இருந்தானாம்.
ஒரு ராத்திரி குப்பைத்தொட்டிக்குப் பின்னால்
சிகரெட்டைப் பாதியில் என்னிடம் தந்தான்.
அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்க
என்னிடம் இங்கிலீஷ் இல்லை.
அவனாகவே இடது கையைத் தூக்கி
மழை பெய்கிற மாதிரி விரல்களை ஆட்டினான்.
வலது கையில் மண்ணை அள்ளி ஊதினான்.
அப்புறம் இரண்டு கையையும்
ஒரே பேன்ட்டில் துடைத்தான்.
நான் சிரித்தேன்.
ஏன் சிரித்தேனோ.

நேபாளத்து தில்பகதூர் கிழங்கு கழுவுவான், நான் உரிப்பேன்.
ஒரு வியாழக்கிழமை ஸ்டோர் ரூம்மேல் குண்டு விழுந்தது.
மூட்டைகளுக்கு நடுவில்
மூட்டைபோலக் கிடந்தான்.
சிப்பாய் இல்லை. எதிரி இல்லை. அந்த ஊர்க்காரனும் இல்லை.
எந்தப் பட்டியலில் எழுதுவார்கள்?
வெள்ளிக்கிழமை காலை கிழங்கை நானே கழுவினேன்.

"ஒப்பிடுகன்னு கேள்விண்ணே, பதினஞ்சு மார்க்."
பையன் நோட்டைக் காட்டினான்.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்க்கோடு.
தம்பி,
அந்தக் கோட்டின்மேல்தான் எங்கள் மூன்று ஏக்கர் இருந்தது.

இருட்டிவிட்டது.
கீழே சேலம் விளக்கு விளக்காக எரிகிறது,
எல்லாரும் செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.
நான் அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் அடுப்பை வைத்திருக்கிறேன்.
மிளகாய் பஜ்ஜி உண்டு, வாழைக்காய் உண்டு.
உருளைக்கிழங்கு கேட்டால் தீர்ந்துவிட்டது என்பேன்.
காப்பி?
உண்டு. பாக்கெட் தூள்.
எங்கே விளைந்ததென்று
அட்டையில் போடவில்லை.