நீளம்

அறுபத்திரண்டு வரி எழுதியிருந்தேன்,
பெயர்களின் இரண்டு கரையிலும்
ஒட்டிக்கிடந்த வெற்றிடத்தைத் துடைக்க.
காப்புறுதிக் கம்பனியின் நாற்பதாயிரம் வாடிக்கையாளர்.
எந்தக் கிளையிலோ யார் யாரோ
இடைவெளிப் பொத்தானில் பெருவிரலை வைத்தபடி
எதையோ யோசித்திருக்கிறார்கள்.

இமேஷா என் கதிரைக்குப் பின்னால் நின்று
பிளேன்டீயை ஊதினாள்.
"அது உள்ளேயே இருக்குதே."
ஒரு புள்ளி. ஒரு சொல்.
ஒன்றையும் பிடித்திராத இரண்டு அடைப்புக்குறி.
என் இரண்டு நாள் அதற்குள் போனது.

அழித்தேன். கொஞ்சம் வெட்கம்,
கூடவே முகம் தெரியாத ஒருவர்மீது
ஒரு மாதிரி நன்றி.
யூனியன் பிளேஸ் ஏழாம் மாடியில்
ஈரச் சப்பாத்தோடு ஒருத்தி தவிப்பாள் என்று
நினைத்திருக்க மாட்டார்.
தன் தவிப்பைத்தான் தீர்த்திருப்பார்.

பின்னேரம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தோம்,
வாடகை வீட்டில் முதல் நாள்
அலுமாரிகளைத் திறக்கிற மாதிரி.
வரிசைப்படுத்து என்றால் வரிசை.
பிரி என்றால் பிரிந்தது;
அப்பாவை என் முதற்பெயர் ஆக்கியது.
பெரிய எழுத்தாக்கு என்றேன்:
போன மாதிரியே திரும்பி வந்தேன்.
எங்களிடம் பெரியது சின்னது இல்லை,
எழுத்தில் மட்டும்.

நீளம் கேட்டேன்.
மேகலை.
ஐந்து, என்றது.

பள்ளிக்கூடத்தில் மூன்று விரலில் அடங்கிய பெயர்.
திருப்பிப் போடு என்றேன்.
கடைசிச் சங்கிலிக் கொம்பு முன்னால் வந்து விழுந்தது,
பற்ற எழுத்தில்லாமல்
புள்ளியால் போட்ட ஒரு வட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி.
மகரத்தின் இரட்டைக் கொம்பைக்
ககரம் எடுத்துக்கொண்டது.
லகேம. யாரவள்?

இமேஷா சிரித்தாள். "தள்ளு" என்று
தன் பெயரைச் சிங்களத்தில் அடித்தாள்.
மூன்றெழுத்து. அதுவும் ஐந்து.
திருப்பினாள்.
அவளுடைய நெடிற்குறியும்
அதே வட்டத்தில் தொங்கியது.

சிரிப்பு நின்றது.
கதிரையை இழுத்துப் போட்டாள்.

ஒன்பதரை வரைக்கும் இருந்தோம்.
பெய்ரா வாவியில் மழை.
காவலாளி பியதிலக இரண்டு தரம் வந்து
ஏசியை நிறுத்தவா என்று கேட்டுப் போனார்.
பத்தொன்பது வரி.
குறி வந்தால் தனியாக எண்ணாதே,
சுமக்கிற எழுத்தோடு சேர்த்து ஒன்று.
அவளுக்கு மூன்று. எனக்கு மூன்று.
பெயர் வைக்கத் தெரியாமல்
நீளம்2 என்று சேமித்தோம்.

கொள்ளுப்பிட்டியில் நூறாம் இலக்க பஸ்.
நெரிசலுக்குள் கொண்டக்டர்
காசுத்தாள்களை விரலிடையில் மடித்தபடி வந்தார்.
முன் சீட்டில் ஒரு தாய்.
மடியில் பிள்ளை, வாய் திறந்த நித்திரை,
ஒரு காலில் மட்டும் சப்பாத்து.
எத்தனை என்று அவர் கேட்கவில்லை.
ஒரு தரம் பார்த்தார்.
ஒன்று, என்றார் சிங்களத்தில்,
டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தார்.