புகைப் பழக்கம்

குன்னூர் முகாமில் என் வேலை சின்னது.
பசை தடவ வேண்டும், பத்து ஒயர் ஒட்ட வேண்டும்,
"அசையாதீங்க" என்று சொல்ல வேண்டும்.
படிவத்தில் பாதியையும் நானே நிரப்புவேன்.

பெயர்: ஓபுலம்மா. வயது நாற்பத்தொன்று.
வேலை: நகராட்சி, ஒப்பந்தம்.
முகவரி: குப்பைமேட்டுக்குக் கீழ்வரிசை, எட்டாவது கதவு.
சர்க்கரை? பார்த்ததில்லை.
புகை பிடிப்பீங்களா?

சிரித்தாள். சிரித்ததிலேயே மூச்சு வாங்கியது.
"நான் எங்க சார் பிடிக்கிறேன்,
அதுதான் என்னைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

பேருந்து நிலையத்தில் ஒரு பலகை,
பச்சை எழுத்தில் ஓடும்: காற்றின் தரம் நன்று.
பொய்யில்லை. அங்கே நன்றுதான்.
கோவையில் அடைப்பெடுத்த பெரியவர்கள்
அந்தக் காற்றுக்காகவே வந்து
மாதக்கணக்கில் வாடகைக்கு இருக்கிறார்கள்.
பூங்காவில் கைவீசி நடக்கிறார்கள்.
அவர்கள் தின்ற வர்க்கியின் உறையும்
மாத்திரை அட்டையும்
மாலை லாரியில் கீழே இறங்கும்.
இருட்டியதும் யாரோ பற்றவைப்பார்கள்.
பனி ஒரு மூடி. புகை அதைத் தாண்டி ஏறாது,
காலனிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மேடு முதலில் வந்ததா, காலனி முதலில் வந்ததா?
ஒயரைச் சரிசெய்தபடி கேட்டுவைத்தேன்.
"எங்க ஆளுங்களைத்தான் சார்
முதல்ல கொண்டாந்து கொட்டினாங்க."

காகிதம் நகர்ந்து வந்தது.
(இதை மலைத்தொடர் என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.)
வி-ஐந்திலும் வி-ஆறிலும் ஒரு சரிவு.
கீழ்வரிசையில் அன்று அது நாலாவது.
மேல்தெருவில் போன வாரம் நாள்முழுக்கத் தேடி
ஒன்றுதான் கிடைத்தது. அவருக்கு எழுபத்தாறு.

புகைப் பழக்கம் என்ற கட்டத்தில்
"உண்டு, பிறப்பிலிருந்து" என்று எழுதினேன்.
டாக்டர் அதை அடித்துவிட்டு "இல்லை" என்று போட்டார்.
படிவத்துக்கு அவர் எழுதியதுதான் சரி.
மாத்திரை எழுதினார். நடக்கச் சொன்னார்,
விடிகாலையில், நல்ல காற்றில்.

அவள் நெஞ்சிலிருந்து ஒட்டுகளைப் பிடுங்கினேன்.
பசையைத் துடைத்த பஞ்சு, நீலக் கையுறை,
எல்லாம் மஞ்சள் பைக்குள் போயின.
மஞ்சள் பை கோவைக்குப் போய் எரியவேண்டும்.
அந்த வண்டி மூன்று வாரமாக மலையேறவில்லை.
ஆயா பையை அவிழ்த்து
சாதாரணக் கூடையில் கவிழ்ப்பதைப் பார்த்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஓபுலம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.
"சாயங்கால லாரியில எனக்குத்தான் சார் டியூட்டி"
என்றாள்,
தன் பெயருக்கு வந்திருக்கும் பார்சலைப் போல
அந்தக் கூடையை ஒருமுறை பார்த்துவிட்டு.