தளை தட்டாமல்

மாதத்தின் மூன்றாம் புதன்.
ஹாலிஃபாக்ஸில் மழை, வழக்கம்போல் பக்கவாட்டில்.
எக்ஸ்ரே அறையைப் பூட்டி
ஈயக் கவசத்தைக் கொக்கியில் மாட்டி
சரிவுத் தெருவில் இறங்கி ஓடுவேன்.
ஏழரைக்கு மணி அடித்துவிடுவார்கள்.

இரண்டாம் வரிசை, ஒன்பதாம் நாற்காலி.
என் சேலை நுனிமேல் யாரோ வைத்த பீர்க் குவளை.
பக்கத்தில் டாஃபி ஆலை எட்னா ஏகிள்ஷா.
மடியில் சுருட்டிய செய்தித்தாள்,
படிக்க அல்ல.

முதலில் கைகுலுக்கல்.
அதிலேயே தெரிந்துவிடும் யார் யோக்கியன் என்று.
டெரிக் ஒல்லரன்ஷா முழுக் கையும் கொடுப்பான்.
கசாப்பு லோமாக்ஸ் விரல் நுனியை நீட்டிவிட்டு
நடுவரின் கண் போகாத மூலையைத் தேடுவான்.

ஒல்லரன்ஷா பகலில் குழாய் ரிப்பேர்க்காரன்.
பதினோரு ஸ்டோன் எடை,
அதில் காது மட்டும் ஒரு ஸ்டோன்.
மின்னுகிற அங்கி இல்லை. வாய்ச்சவடால் இல்லை.
லோமாக்ஸ் அவன் மணிக்கட்டைப் பற்றி முறுக்குவான்.
முழங்கை போகும், தோள் போகும்,
மூக்கு விரிப்பைத் தொடும். மண்டபம் முனகும்.
அப்புறம்,
அவசரமே இல்லாமல்,
சிக்கு விழுந்த கூந்தலை
இழுக்காமல் நுனியிலிருந்து எடுப்பதுபோல்
ஒரு குட்டிக்கரணம், எழுந்து அரைச் சுழற்சி,
முறுக்கு வந்த வழியே முறுக்கைத் திருப்பி அனுப்பி…
பார்த்தால் லோமாக்ஸின் மணிக்கட்டு இவன் கையில்.
எப்போது மாறியது?
ஒன்பது மாதமாய் வருகிறேன்,
அந்த நொடியை மட்டும் ஒருநாளும் பிடித்ததில்லை.

மட்டக்களப்பில் வெண்பாவில் நான் ஃபெயில்.
மாமுன் நிரை, விளமுன் நேர் என்று
எழுதி எழுதி அழித்தவள்.
தளை என்றால் கட்டு என்பது
இந்த மண்டபத்தில்தான் விளங்கியது.
ஒரு பிடி முடிகிற இடம்
அடுத்த பிடியைக் கேட்டு வாங்குகிறது.
அடிகூட எண்ணித்தான் விழுகிறது.
ஆறு சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம்,
எங்கும் தளை தட்டவில்லை.

தட்டுவதற்கென்றே லோமாக்ஸ் இருக்கிறான்.
நான்காம் சுற்றில் கயிற்றோரம் முழங்காலால் குத்துவான்.
"பகிரங்க எச்சரிக்கை! முதலாவது!"
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற முகத்தோடு
"நானா?" என்பான்.
செய்தித்தாள் அவன் முதுகில் விழும்.
ஆட்டம் முடிந்து படியிறங்குகையில் அதே எட்னா:
"டோரீனுக்கு ஆபரேஷன் எப்படிப் போச்சு?"
"வீட்டுக்கு வந்துட்டா, எட்னா. கேட்டதுக்கு நன்றி."

"எல்லாம் நாடகம்" என்றார் டாக்டர் பென்ரோஸ், கேன்டீனில்.
நாடகம்தான், டாக்டர்.
பகல் முழுக்க நான் உடைந்ததையே பார்க்கிறேன்.
ஒரு கையை எந்தக் கோணத்தில் ஒடிக்கலாம் என்று
நன்றாய்த் தெரிந்தவன்
அதற்கு அரை அங்குலம் முன்னால் நிறுத்துகிறான்.
காசு கொடுப்பது அந்த அரை அங்குலத்துக்கு.
இதையெல்லாம் சொல்லவில்லை.
டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

பிப்ரவரியில் ஒல்லரன்ஷா என் அறைக்கே வந்தான்.
மேடையில் அல்ல.
யார் வீட்டிலோ உறைந்த குழாய், பனி பிடித்த ஏணி.
இடது மணிக்கட்டு பன்னாய் உப்பியிருந்தது.
தட்டின்மேல் வைத்தேன்.
பழக்கதோஷம், தோள் மெல்ல உள்ளே திரும்பியது.
எனக்குத் தெரியும், அடுத்தது குட்டிக்கரணம்.
"அசையாதீர்கள்" என்றேன்.
முழங்கைக்குக் கீழே ஒரு கை, விரல்களில் ஒரு கை.
ஐந்து நொடி அவனை நான் பிடித்திருந்தேன்.
தப்பிக்கவில்லை.
வலது கையால் மேசையை இரண்டு தரம் தட்டினான்.
சரணாகதி.

படத்தில் ஒரு புது முறிவு.
சுற்றிலும் பழையவை நாலைந்து,
யாரிடமும் காட்டாமல் தானாய்க் கூடியவை.
டாக்டர் பென்ரோஸ் வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.

மார்ச் சுவரொட்டியில்
அவன் பெயர்மேல் வேறு பெயர் ஒட்டியிருந்தார்கள்.
இருந்தும் போனேன்.
எனக்கு நேர் பின்னால், மூன்றாம் வரிசையில்,
மாவுக்கட்டுக் கையை ஆட்டி ஆட்டி
லோமாக்ஸைப் பார்த்து
ஊளையிட்டுக்கொண்டிருந்தான்
ஒல்லரன்ஷா.