நிகர விசை

புதுப்பிப்பு வந்திருக்கிறது என்றது திரை.
இரவு மணி ஒன்றே கால்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில்
மின்விசிறியும் நானும் விழித்திருந்தோம்.
'பிறகு' என்ற பொத்தானைத்தான்
மூன்று மாதமாக அழுத்திக்கொண்டிருந்தேன்.
அசையாதிருப்பது அசையாமலே இருக்கும்,
வெளியிலிருந்து ஒரு விசை வந்து தாக்கும்வரை:
தினேஸ்வரியின் முதல் காணொளிக்கு
நானே தட்டச்சு செய்து ஒட்டிய வரி.

விசை அன்றைக்குத் தூக்கக் கலக்கமாக வந்தது.
விரல் வழுக்கி 'இப்போதே'யில் விழுந்தது.

நாற்பது நிமிடம் நீலக் கோடு ஊர்ந்தது.
மைலோ ஆறி ஆடை கட்டியது.
திறந்தால்,
கத்தரிக்கோல் வலப்பக்கம் குடிபோயிருந்தது,
ஒலியளவு ஏதோ ஒரு பட்டியலுக்குள் பதுங்கியிருந்தது.
யாரோ என் சமையலறைக்குள் புகுந்து
உப்பை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி.
'அதிர்வு நீக்கம், இனி தானாகவே'
என்று நடுத்திரையில் ஒரு பெருமை வேறு.

படிவம் நான்கு, இயற்பியல், இரண்டாம் விதி.
துண்டின் நீளம் பதினொரு விநாடி.
கிரீன் லேனில் நின்றுபோன அவளுடைய கஞ்சில் கார்.
ஸ்டீயரிங்கில் அவள்.
பின்னால் அவள் தம்பி கபிலேஷ்.
வலக்கையால் காரைத் தள்ளிக்கொண்டு
இடக்கையால் படம் பிடித்துக்கொண்டு நான்.
அப்புறம், சட்டகத்தின் இடது ஓரத்தில்,
எதிர்க் கட்டட வேலையிலிருந்து சாலை தாண்டி ஓடிவந்து
கேட்காமலே தோள் கொடுத்த ஒருவன்.
மஞ்சள் தலைக்கவசம்.
சிமெண்டு காய்ந்த பூட்ஸ்.

ஓடவிட்டேன்.
நடுக்கமே இல்லை.
தண்டவாளத்தில் வைத்ததுபோல் கஞ்சில் போனது.
அழகாகத்தான் இருந்தது.
இரண்டாம் முறை பார்க்கும்போதுதான்
மஞ்சளைக் காணோம்.

அதிர்வை அடக்க
ஓரங்களைக் கொஞ்சம் தின்றுகொள்ளுமாம் அது.
நாலு பக்கமும் பத்து விழுக்காடு.
அந்தப் பத்துக்குள்தான் அவன் நின்றிருந்தான்.
மூன்றாம் விநாடியில் நாலு விரல் மிச்சம்;
நான்காவதில் அதுவும் இல்லை.

காரும் அவளும் அவள் பையிலிருந்த விடைத்தாள்களும்
எழுநூற்று நாற்பது கிலோ என்று வை.
முடுக்கம், அரை.
உராய்வு போக நிகர விசை
முந்நூற்று எழுபது நியூட்டன்.
கபிலேஷின் செருப்பு வழுக்கியபடியே இருந்தது,
நான் ஒற்றைக் கைக்காரன்;
எங்கள் இரண்டு பேரையும் கூட்டினால் உராய்வுக்கே காணாது.
அவன் தோள் படும்வரை
சக்கரம் ஒரு சாண் நகரவில்லை.
புதிய பதிப்பிலோ
கார் காரணமில்லாமல் கிளம்பிப் போகிறது.
பேய்ப்படத்துக்கு ஆகும்.

அந்த நடுக்கமும் என் கையின் பிழை இல்லை.
நான் தள்ள, கார் என்னைத் திருப்பித் தள்ளியது.
மூன்றாம் விதி,
அடுத்த வாரப் பாடம்,
முந்திக்கொண்டு வந்து படத்தில் உட்கார்ந்திருந்தது.

அதிர்வு நீக்கத்தை அணைக்கும் இடம் கண்டுபிடிக்க
விடிந்துவிட்டது.
அணைத்ததும் ஓரம் திரும்பி வந்தது,
அவனோடு.

'ஏன்லா இப்படி ஆடுது?' என்றாள் தினேஸ்வரி.
'ஆடட்டும்.'
மூன்று அம்பு வரைந்திருந்தேன்.
அவனுடையது மஞ்சள், நீளமானது.
'மூணையும் கூட்டி ஒண்ணா போடு,
பரீட்சையில அப்படித்தான் கேப்பாங்க.'
அவள் சொன்னது சரிதான்.
கூட்டினேன்.
ஒரே அம்பு. சிவப்பு. முந்நூற்று எழுபது.

இரண்டாம் கியரில் இஞ்சின் பிடித்துக்கொண்டதும்
நாங்கள் கத்திய கத்தலில்
கையைக் கால்சட்டையில் துடைத்தபடி
அவன் திரும்பி ஓடியதை
முதுகு மட்டும்தான் பார்த்தேன்.
பெயர் கேட்கவில்லை.

அம்பின் நிறத்தை மஞ்சளாக்கிவிட்டு
ஏற்றுமதியை அழுத்தினேன்.
நீலக் கோடு தொண்ணூற்றேழில் நின்றது.
மேசைக்கு முழங்காலால் ஒரு இடி கொடுத்தேன்,
பலன் இருக்காது என்று தெரிந்தே.
முழங்கால் வலித்தது.